சிறுவாட்டுக் கணக்கு

போன ஜனவரியில் முதுகலை மாணவிகள் இருபத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு பழவேற்காடு போயிருந்தேன். இருபது ஆண்டுகளாக நெய்தல் திணை நடத்துகிறேன். கடலையும் கழியையும் மீன் விற்கும் பெண்களையும் பாட்டுக்குள் பார்த்தது போதும், ஒருமுறையாவது பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பொன்னேரி வழியாகப் போய், பாலத்தைக் கடந்து, லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கினோம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே மணல்திட்டின்மேல் வரிசையாகக் குப்பங்கள்.

பாதையோரம் தார்ப்பாய் நிழலில் ஓர் அம்மா கிழங்கான் மீனைக் கூறு கட்டி வைத்திருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருப்பார்.

"கூறு என்ன விலைக்கா?"

"முந்நூறு, எடுத்துக்கம்மா. இப்பதான் கரையேறின மீனு."

"இருநூறு."

"அட, எடுத்த வெலயே வராதும்மா."

அப்புறம் வழக்கமான நாடகம். நான் இரண்டடி நடந்தேன், அவர் கூப்பிட்டார். இருநூற்று இருபதுக்கு முடிந்தது. எண்பது ரூபாய் மிச்சம். அந்தச் சின்ன வெற்றியின் சந்தோஷம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "மேடம், காலைல ஹைவேல காபிக்கு நூத்தி எண்பது ரூபா குடுத்தீங்களே, அங்க ஒண்ணும் கேக்கலையே?"

அவள் குத்திக்காட்டவில்லை. சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காபிக் கோப்பையின் மேல், இந்தக் கொட்டையை விளைவித்த விவசாயிக்கு நியாயமான விலை கொடுத்திருக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, நல்ல காரியத்துக்குத் துணைபோன நிம்மதியோடு குடித்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத விவசாயிக்காகக் கேட்ட விலையைக் கொடுத்தேன். கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் எண்பது ரூபாயைப் பிடுங்கினேன். இது ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

*

பேரம் பேச எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு மீன்காரம்மா வருவார். வாசலில் கூடையை இறக்கியதும் இருவருக்கும் வாய்ச்சண்டை ஆரம்பிக்கும். அப்பா மீனுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது இருபது ரூபாய் என்றால், அம்மா பதினைந்துக்கு வாங்கிவிடுவார். மிச்ச ஐந்து ரூபாய் அரிசிப் பானைக்குள் போகும். அதுதான் அம்மாவின் சிறுவாடு. அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தும் தெரியாததுபோல இருந்திருக்கலாம்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நாளிதழைப் பிரித்துக்கொண்டார். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டார். முதல் பருவக் கட்டணம் அந்தப் பணத்தில்தான் கட்டப்பட்டது. இந்தக் கதையை மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சிறுவாடு என்பது தமிழ்ப் பெண்களின் கள்ள வங்கி, ஆணாதிக்கத்தின் சுவரில் அவர்கள் போட்ட ஓட்டை என்றெல்லாம் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பணம் யாருடைய கூடையிலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில்தான் அது உறைத்தது. என் படிப்புக்கு முதல் பணம் கட்டியவர்களில் அந்த மீன்காரம்மாவும் ஒருவர். அவருடைய சம்மதம் இல்லாமல், ஐந்தைந்து ரூபாயாக. அவருக்கும் ஒரு மகள் இருந்திருக்கக்கூடும்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். எழுபத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம், அறிவு மந்தமில்லை. "நான் வேற யார்கிட்டடி பேரம் பேச முடியும்? உங்கப்பாகிட்டயா?" என்றார்.

இதைவிடச் சரியாக நான் சொல்லிவிட முடியாது. வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவர் வாசலில் இல்லை. மீனுக்குக் கரையில் என்ன விலை என்று முடிவு செய்தவரும் வாசலில் இல்லை. இருவரும் இல்லாத இடத்தில், ஏற்கெனவே குறைத்து அளக்கப்பட்ட இரண்டு பெண்கள் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டினார்கள். ஒருத்தி ஜெயித்தாள். அந்த ஜெயிப்பில் நான் படித்தேன்.

*

நியாய வணிகம் என்று இன்று சொல்லப்படுவதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அது என்னைச் சுற்றிச் சுற்றிப் பழவேற்காட்டுக்கே கொண்டுவந்து விட்டது.

நியாய வணிகத்துக்கான முதல் முத்திரை 1988இல் நெதர்லாந்தில் வந்தது. மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவு விளைவித்த காபிப் பொட்டலத்தின்மேல் அது ஒட்டப்பட்டது. முத்திரையின் பெயர் மாக்ஸ் ஹாவெலார். 1860இல் முல்டாட்டுலி என்ற புனைபெயரில் எட்வர்ட் டௌவெஸ் டெக்கர் எழுதிய டச்சு நாவலின் நாயகன் பெயர் அது. ஜாவாவில் காலனி அதிகாரியாக இருந்து வெளியேறியவர் டெக்கர். டச்சுக்காரர்கள் குடிக்கும் காபிக்காக ஜாவா விவசாயிகள் எப்படிப் பிழியப்படுகிறார்கள் என்பதை அந்த நாவல் சொன்னது. மனசாட்சி உறுத்திய ஒரு சமூகம், 128 ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரைக் காபிப் பொட்டலத்தில் அச்சிட்டது.

அதே டச்சுக்காரர்கள் ஜாவாவில் வேரூன்றிய காலத்தில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை இடம் பழவேற்காடு. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியாவுக்குப் போனது. அந்தத் துணிக்கு மாற்றாகத்தான் அங்கே மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். துணி மட்டும் போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களிலும் போர்க் காலங்களிலும் இந்தக் கரையிலிருந்து பல ஆயிரம் மனிதர்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டார்கள். பசி தாங்காமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் உண்டு. பழவேற்காட்டுக்கு வரும் பயணிகள் டச்சுக் கல்லறையின் வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கல் இல்லை.

இன்னொரு சின்னச் செய்தி. மெக்சிகோ விவசாயிகள் கழுத்தில் கட்டும் பூப்போட்ட கைக்குட்டைக்கு 'பாலியகாதே' என்று பெயர். பழவேற்காட்டுத் துணியின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. ஓஹாகாவின் காபித் தோட்டத்தில் யாரோ ஒருவர் நெற்றி வியர்வையைத் துடைக்கும் துணியில் நம் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய கொட்டைக்கு நியாயமான விலை என்று எழுதிய கோப்பையிலிருந்து குடித்துவிட்டுத்தான் நான் அந்த ஊரில் வந்து பேரம் பேசினேன்.

*

முத்திரை என்ன செய்கிறது? அதைக் கேலி செய்வது சுலபம். அதற்கு முன் அதைப் புரிந்துகொள்வது நேர்மை.

மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, தரைவிலை. சந்தை எவ்வளவு சரிந்தாலும் இதற்குக் கீழே வாங்கக்கூடாது என்ற வரம்பு. 2023 ஆகஸ்டிலிருந்து ஃபேர்டிரேட் முத்திரை பெற்ற கழுவிப் பதப்படுத்திய அராபிகா காபிக்கு ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர் என்பது அந்த வரம்பு. இரண்டாவது, விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை. காபிக்குப் பவுண்டுக்கு 20 சென்ட். இது தனி விவசாயியின் கைக்குப் போகாமல் கூட்டுறவுக்குப் போகும். கிணறா, பள்ளிக்கூடமா, உலர்களமா என்று உறுப்பினர்கள் கூடி முடிவு செய்வார்கள். மூன்றாவது, முன்பணம். விளைச்சலுக்கு முன்பே ஒரு பங்குப் பணம் கையில் கிடைத்தால் கடன்காரனிடம் போகவேண்டியதில்லை.

மூன்றும் நல்லவை. ஆனால் ஒரு பெண்ணாக இந்த அமைப்பைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. கூட்டுறவில் உறுப்பினர் யார்? பெரும்பாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை எந்த நாட்டுப் பெண்ணும் உங்களுக்குச் சொல்லிவிடுவாள். கொட்டையைப் பறித்து, உலர்த்தி, பொறுக்கிப் பிரிப்பவள் ஒருத்தி. உயர்த்திய விலையை வாங்கிக்கொள்வது இன்னொருவர். நியாயம் வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது.

பழவேற்காட்டில் இதற்கு நேர் உதாரணம் இருக்கிறது. ஏரியில் மீன்பிடிக்கப் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடத்தைப் பலசாலி மட்டும் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் அழகான ஏற்பாடு இது. பொதுச்சொத்தை எப்படிப் பகிர்வது என்று ஆராய்பவர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் பாடு தலைக்கட்டுக் கணக்கில் வருவது. தலைக்கட்டு என்றால் ஆண். குறிப்பிட்ட சமூகத்து ஆண். மீனைக் கரையில் பிரிப்பவள், ஐஸ் போடுபவள், கருவாடு போடுபவள், கூடை சுமப்பவள் யாருக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக்குள் போடுகிற இருளர் பெண்களுக்கும் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு நியாயமானது, வெளியே இருப்பவர்களுக்கு வேலியாகவும் இருக்க முடியும். நியாயமான விலை என்று யாராவது சொன்னால், 'யாருக்கு?' என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

*

முத்திரையை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரு பழைய பாத்திரம் பதில் சொல்கிறது.

1791இல் இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் கிளம்பியது. அடிமைகளின் ரத்தத்தில் விளைந்த சர்க்கரை எங்கள் வீட்டுத் தேநீரில் வேண்டாம் என்றார்கள். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் அதை அடுப்படியிலிருந்து நடத்தினார்கள். 1820களில் இயக்கம் மறுபடி எழுந்தபோது எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண், படிப்படியாக அல்ல, உடனே விடுதலை வேண்டும் என்று 1824இல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஆண் தலைவர்கள் அவ்வளவு துணிந்திருக்கவில்லை. அரசியல் மன்றத்தில் இடமில்லாதவர்கள் வாங்கும் கூடையை அரசியலாக்கினார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் காலத்தில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் பிரபலமாக இருந்தது. 'கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் விளைவித்ததல்ல' என்ற பொருளில் அதன்மேல் எழுதியிருக்கும். கிழக்கிந்தியா என்றால் நம் நாடு. அந்தக் கிண்ணங்கள் லண்டன் மேசைகளில் இருந்த அதே ஆண்டுகளில் தஞ்சையிலும் மலபாரிலும் சாதியின் பெயரால் மனிதர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று சொன்ன சட்டம் 1843இல்தான் வந்தது. கிண்ணத்தை வாங்கிய பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத தூரத்துக்குத்தான் எழுத்து தேவைப்படுகிறது. எழுத்தை நம்பியபின் மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றுவதில்லை.

இன்று அந்தக் கிண்ணத்தின் இடத்தில் இறால் பொட்டலம் இருக்கிறது. அமெரிக்கா உண்ணும் இறாலில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. பொட்டலங்களில் நல்ல முறையில் வளர்த்தது என்ற சான்றிதழ் முத்திரைகள் உண்டு. 2024 மார்ச்சில் கார்ப்பரேட் அக்கவுண்டபிலிட்டி லேப் என்ற அமைப்பும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் ஆந்திரத்தின் இறால் தொழிலைப் பற்றி வெளியிட்ட செய்திகளில், உரிக்கும் கூடங்களில் பெண்கள் மிகக் குறைந்த கூலிக்கு, ஆபத்தான நிலைமைகளில் வேலை செய்வது பதிவாகியிருந்தது. ஆய்வாளர் வந்து பார்ப்பது பதிவேடு வைத்திருக்கும் இடத்தை. ஒப்பந்தக்காரர் வேனில் அழைத்துவந்து இறக்கும் பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளைத் தட்டிக்கேட்டவர்கள் பொட்டலம் வாங்கியவர்கள் அல்லர். நாகை வட்டாரத்துக் கிராமத்துப் பெண்கள். நிலமும் குடிநீரும் உப்பாகிப்போனதும் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரோடும் சேர்ந்து போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த தொழில்முறைப் பண்ணைகளை மூடச் சொல்லித் தீர்ப்பளித்தது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தது. வாங்குபவரின் மனசாட்சி ஓரளவு போகும். சட்டம் இன்னும் கொஞ்சம் போகும். அடிபடுகிறவர்கள் கூடி நிற்காவிட்டால் இரண்டும் பின்வாங்கிவிடும். சர்க்கரை விஷயத்திலும் அப்படித்தான். தீவுகளில் அடிமைகளே கிளர்ந்தெழாமல் கிண்ணங்கள் மட்டும் எதையும் முடித்திருக்காது.

*

நம் இலக்கியத்தில் வணிக அறம் இல்லாமலில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது மிகையாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்கமாட்டார்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போலக் கருதிச் செய்வதே வணிகம் என்று குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்கிறது. இரண்டையும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். இரண்டும் விற்பவனுக்குச் சொன்ன அறம். தராசு அவன் கையில் இருந்ததால் அவனுக்குச் சொன்னார்கள். நெல்லுக்கு உப்பை மாற்றித் தெருவில் கூவி விற்ற உமணப் பெண் சங்கப் பாட்டில் வருகிறாள். அவளுடைய அழகைத் தலைவன் பேசுகிறான். அன்றைக்கு அவளுக்குக் கட்டுப்படியானதா என்று யாரும் கேட்கவில்லை.

இன்று தராசு பெரும்பாலும் வாங்குபவர் கையில். ஆகவே அறமும் நம் பக்கம் வரவேண்டும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக்கு வாங்குபவள் பெண். பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டியவளும் அவளே, நஞ்சில்லாத காய் தேட வேண்டியவளும் அவளே, நியாயமான இறாலைத் தேர்ந்தெடுக்க வேண்டியவளும் அவளே. உலகத்தின் பாவத்தை அடுப்படியில் வைத்துக் கழுவு என்கிறார்கள். அம்மாவின் கையில் இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு நியாயமாக வாங்கு என்று சொல்வது அநியாயம். அவரவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அவரவர் பொறுப்பு. அம்மாவுக்கு இல்லாத அதிகாரம் எனக்கு இருக்கிறது. எனக்கு மாதச் சம்பளம் உண்டு. கூடவே நான் வேலை செய்யும் இடத்துக்காகவும் பொருள் வாங்குகிறேன்.

அதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் துறைக் கருத்தரங்குக்கு 120 கோப்புறைகள் தேவைப்பட்டன. வழக்கமான பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழவேற்காட்டில் பனையோலை முடையும் இஸ்லாமியப் பெண்களிடம் வாங்குவோம் என்று நான்தான் வாதாடினேன். குருத்தோலையை உலர்த்தி, சாயம் காய்ச்சி, ஒரே அகலத்தில் கிழித்து, விரல் தேய முடைந்து, சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே கொண்டுவந்து கொடுத்தார் ஒரு பெண். எல்லோரும் பாராட்டினார்கள். நான் மேடையில் அதைப் பற்றியும் பேசினேன். அலுவலகம் பணம் கொடுக்க நான்கு மாதமானது. மூன்று விலைப்புள்ளி இல்லை, ரசீதில் எண் இல்லை, தணிக்கை, விடுமுறை. அந்த நான்கு மாதமும் அவர் ஓலைக்கும் சாயத்துக்கும் உதவிக்கு வந்த பெண்களின் கூலிக்கும் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய மகள் தொலைபேசியில் என்னிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. "உங்கள நம்பித்தானே மேடம் எடுத்தோம்" என்றாள்.

அவரிடம் நான் விலையைக் குறைக்கவே இல்லை. கேட்டதைக் கொடுக்கச் சொன்னேன். என்றாலும் அது நியாயமான வணிகம் இல்லை. விலையில் இருக்கும் நியாயத்தைக் காலம் தின்றுவிடும். உலக நியாய வணிக அமைப்பின் பத்துக் கொள்கைகளில் ஒன்று, கைவினைப் பொருள் செய்பவர்கள் கேட்டால் குறைந்தது 50 விழுக்காட்டை வட்டியில்லாமல் முன்பணமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. முன்பு படித்தபோது அது ஏதோ கணக்கர்களுக்கான விதி என்று தாண்டிப் போயிருந்தேன். அந்த விதியை எழுதியவர்கள் கடனை அறிந்தவர்கள்.

*

மார்ச் மாதத்தில் தனியாக மறுபடி லைட்ஹவுஸ் குப்பம் போனேன். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். என்னை நினைவிருந்தது. "அன்னிக்கு பொண்ணுங்கள இட்டுனு வந்த டீச்சரம்மாதானே?"

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மீன் எப்படி எடுக்கிறீர்கள், எவ்வளவுக்கு, என்ன மிஞ்சும்? கரையில் ஏலம். ஏலம் எடுக்கக் கையில் காசு வேண்டும். காசுக்குத் தண்டல். ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரம்தான் கையில் வரும். ஐஸ், ஆட்டோ. பஸ் பெண்களுக்கு இலவசம்தான், ஆனால் கூடையோடு ஏறினால் முகம் சுளிப்பார்கள். 2021இல் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஆட்டோ. ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோனால் மீன் இல்லை, தடைக்காலத்தில் மீன் இல்லை, மழைக்காலத்தில் வாங்க ஆள் இல்லை. சில நாள் முந்நூறு மிஞ்சும், சில நாள் கைக்காசு போகும்.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் கேட்டுக்கினே. ஒனக்கு எம்மாம் சம்பளம்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. என் தோழிகளுக்குக்கூடச் சரியாகத் தெரியாத தொகை அது. ஆனால் அரை மணி நேரமாக அவருடைய முதல், கடன், வட்டி, நட்டம் எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நியாய வணிகத்தின் தணிக்கைகள் எல்லாமே இப்படித்தான் என்று அந்த நேரத்தில் தோன்றியது. விற்பவள் தன் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். வாங்குபவரின் கணக்கை யாரும் திறக்கச் சொல்வதில்லை. கடை எவ்வளவு லாபம் வைக்கிறது, நூற்று எண்பது ரூபாய்க் காபியில் கொட்டைக்குப் போனது எவ்வளவு என்று கோப்பையில் எழுதியிருக்கவில்லை.

சொன்னேன். ஒரு லட்சத்துக்கு மேல் என்று, தொகையையும் சொன்னேன்.

அவர் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கோபப்படவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. மனதுக்குள் ஏதோ பெருக்கிப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு, "அப்பறம் இன்னாத்துக்கு அன்னிக்கு அம்மாந்தூரம் நடந்து போற மாதிரி பாசாங்கு பண்ண?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"ஆனா பேரம் பேசாம வாங்காத. பேரம் பேசாதவங்க நாலு வார்த்த பேசமாட்டாங்க. எண்பது ரூவா கொறைக்காத, அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பேரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது, உறவு இருக்கிறது. அதை மொத்தமாக விட்டுவிட்டு விலைச்சீட்டு ஒட்டிய கடைக்குப் போவது நியாயமாகிவிடாது. இன்றைக்கு என் கைக்கு எட்டியது இதுதான்: யாருக்கு இது அன்றாடச் சோறோ அவரிடம் தொகையைக் குறைக்காமல் இருப்பது. யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அவரிடம் போய்ப் பேரம் பேசுவது. அம்மாவால் அப்பாவிடம் பேச முடியவில்லை. என்னால் என் அலுவலகத்தில் பேச முடியும். இந்த வருடம் கருத்தரங்குக்கு ஓலைக் கோப்புறை வாங்கப் பாதித் தொகையை முன்பணமாகவும், மீதியைப் பொருள் வந்த அன்றும் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று கூட்டங்கள், இரண்டு கடிதங்கள், ஒரு சண்டை. முன்பணம் கிடைத்தது. மீதிக்குப் பதினோரு நாளானது. பொருள் வந்த அன்று என்பதை அடுத்த வருடம் மறுபடி பேச வேண்டும். பாடு உரிமையைப் பற்றியோ உரிக்கும் கூடத்தைப் பற்றியோ இதனால் ஒன்றும் மாறிவிடவில்லை. அவற்றை மாற்ற, பெண்கள் கூடும் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். வாங்குவதால் மட்டும் வராது.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அந்தச் சதுரங்கப்பட்டினத்து மீன்காரம்மாவின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பத்து வருடம் வாசலில் சண்டை போட்டிருக்கிறார்கள், ஒன்றாக உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள். அம்மா நெடுநேரம் யோசித்தார். "மீன்காரம்மான்னுதான் கூப்பிட்டேன்" என்றார்.

லைட்ஹவுஸ் குப்பத்து அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுதவில்லை, அது அவருடையது. அன்று கிழங்கான் கூறு முந்நூற்றைம்பது. 'முந்நூறு' என்று நாக்குநுனி வரை வந்தது.